அணுவும் ஆராய்ச்சியும்

அணு என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. மேனாட்டு விஞ்ஞானத்தின் வாயிலாகவே நாம் அணுவை அறிந்தோம் என்பாரும், அவ்விஞ்ஞானம் கூறுவன யாவும் நம் முன்னோர் அறிந்தனவே என்பாரும் நம்மிடையே உளர். இவ்விரு கூற்றினும் உண்மை எத்துணை என்பதை இச்சிறு கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

மணிமேகலைக் காப்பியம் தன் தலைவியை இறுதியிற் காஞ்சி மாநகர்க்குக் கொணர்ந்து சேர்க்கின்றது. அதற்குமுன் வஞ்சி நகரில் அவள் பல சமயத்தார் கொள்கைகளையும் கேட்கின்றாள். அவருள் ஆசீவகர் உரைப்பது அணுக்கொள்கையாகும். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணுக்கள் ஐவகைப்படும். அவை புதியனவாய்த் தோன்றா, அழியா, பிளவுபடா. பல கூடியே பொருள்களாகும் என்பது அவர் துணிபு. தனியணுவைத் தெய்வக்கண் உடையோரே காண்பர், ஏனையோர் திரட்சியையே காண்பர் என்று கூறி, அந்திப்பொழுதில் ஒற்றை மயிர் புலப்படாமையையும் மயிர்க்கற்றை புலப்படுதலையும் உவமை காட்டுகின்றனர். காஞ்சியை அடுத்த செவிலிமேட்டில் தறியொன்றின் முன் மாலையில் நிற்பார்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். பட்டுக்கூட்டிலிருந்து பிரியும் தனியிழை அவ்வேளையிற் கண்ணுக்கு அகப்படாது. இழைகள் பல சேர்ந்து முறுக்கேறிப் பாவாய் நின்றால் நன்கு தோன்றும்.

கிரேக்க நாட்டு டெமாக்கிரிட்டஸ் என்பாரும் பொருள்கள் பிளவுபடா அணுக்களால் ஆயவை என்றே கொண்டார். இக்கொள்கைகள் நுண்ணியனவே. ஆயினும் இவற்றை மெய்யென்றோ பொய்யென்றோ துணிதற்கு வாதமன்றி வேறு கருவி அக்காலத்தில் இல்லை.

அக்கருவியாய் முதலில் வந்தது தராசு. இங்கிலாந்தில் ஜான் டால்டன் 1808-இல் தம் இரசாயன நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். பொருள்கள் கூடுங்கால் அவற்றின் எடைகள் குறித்த விகிதத்திலேயே நிற்றலைக் கொண்டு, ஒவ்வொரு மூலப்பொருட்கும் தனித்த எடையுடைய அணு உண்டென்றார். நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் பிராணவாயு அணு ஒன்றும் உள என்று அவர் கருதியது பிழை. ஹைட்ரஜன் அணு இரண்டு என்பது, வாயுக்களின் கன அளவை ஆராய்ந்த பின்னர்த் தெளிவாயிற்று. அளந்து சொன்னதைப் பின்வந்தோர் அளந்தே திருத்தினர் என்பதை ஈண்டு நோக்குக.

அணு பிளவுபடாது என்னும் பழங்கொள்கை 1897-இல் வீழ்ந்தது. கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன், ஹைட்ரஜன் அணுவின் எடையில் ஏறத்தாழ 1,840-இல் ஒரு பங்கே உள்ள எலெக்ட்ரான் என்னும் எதிர்மின் துகளைக் கண்டார். நேர்மின்னுடைய திரளொன்றினுள் எலெக்ட்ரான்கள் பதிந்திருத்தலே அணு என்று அவர் எண்ணினார்.

இக்கருத்தைச் சோதித்தது பொன். நம் சரிகையில் வெள்ளியின்மேற் பூசப்படும் அப்பொன்னை மிக மெல்லிய தகடாக்கலாம். மான்செஸ்டரில் ரூதர்போர்டின் வழிகாட்டுதலில் கைகரும் மார்ஸ்டனும் 1909-இல் இத்தகைய உலோகத் தகடுகளின்மேல் ஆல்பாத் துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றன. ஏறத்தாழ எண்ணாயிரத்தில் ஒன்று திரும்பி வந்தது. இதனைக் கொண்டு, அணுவின் எடையில் பெரும்பங்கும் நடுவேயுள்ள மிகச் சிறிய கருவில் ஒடுங்கியுள்ளது என்று 1911-இல் ரூதர்போர்டு துணிந்தார். பொன்னணு ஒன்று ஏகாம்பரநாதர் கோயில் இராஜகோபுரத்தின் உயரமளவு பருத்ததாயின், அதன் கரு கடுகு போல்வதாகும்.

கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் வரையறுத்த பாதைகளிற் செல்வதாக 1913-இல் போர் உரைத்தார். ஹைசன்பர்க்கும் சுரோடிங்கரும் 1925, 1926-ஆம் ஆண்டுகளில் வகுத்த கணிதம் அப்பாதைகளையும் நீக்கியது. எலெக்ட்ரான் எங்கே காணப்படக்கூடும் என்பதன் வாய்ப்பையே அது கூறும். மின்னேற்றமில்லாத நியூட்ரான் கருவினுள் இருத்தலைச் சாட்விக் 1932-இல் நிறுவினார்.

தெய்வக்கண் வேண்டும் என்று ஆசீவகர் கூறிய காட்சியும் ஒருநாள் கிட்டியது. அமெரிக்காவில் எர்வின் மூல்லரும், அவருடன் ஆராய்ந்த நம் நாட்டவரான கன்வர் பகதூரும் 1955-இல் டங்ஸ்டன் ஊசியொன்றின் முனையிலிருந்த அணுக்களைத் தனித்தனியே திரையில் தோன்றச் செய்தனர்.

இவ்வறிவின் பயன் இருதிறத்தது. யுரேனியக் கரு பிளவுபடும் என்பது 1938-ஆம் ஆண்டு இறுதியில் ஹான், ஸ்டிராஸ்மன் என்போரின் பரிசோதனையால் வெளிப்பட்டது. மைட்னரும் பிரிஷும் அதன் காரணத்தை விளக்கினர். ஏழாண்டு நிரம்புமுன், 1945 ஆகஸ்டில், ஹிரோஷிமாவும் நாகசாகியும் பாழாயின. அதே பிளவிலிருந்து பிறக்கும் வெப்பத்தால் நீரை ஆவியாக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் கல்பாக்கத்தில் 1984-இல் தொழிற்படத் தொடங்கிற்று. செவிலிமேட்டருகே செல்லும் பாலாறு கடலொடு கலப்பது அக்கல்பாக்கத்திற்குச் சிறிது தெற்கேயாம். நன்மையும் தீமையும் அணுவின்பால் இல்லை. அதனைக் கையாளும் மாந்தர் உள்ளத்தின்பால் உள்ளன.

இனி, தொடக்கத்திற் கூறிய இருதிறத்தாரிடம் வருவோம். நம் முன்னோர் அணுவைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்தனர் என்பது மெய். அச்சிந்தனையை இகழ்தல் அறியாமை. எலெக்ட்ரானையும் கருவையும் அவர் அறிந்திருந்தனர் என்பது மெய்யன்று; அங்ஙனம் புகழ்தல் அவர்க்குப் பெருமையும் ஆகாது. டால்டனைத் தாம்சனும், தாம்சனை அவர்தம் மாணவரான ரூதர்போர்டும் திருத்தினர். ஆசிரியரை மதித்தலும் அவர் கூற்றைச் சோதித்தலும் தம்முள் முரணாவென மாணவராகிய நாம் இதனால் அறிந்து, நம் சோதனைச்சாலையிலும் அவ்வழி நிற்போமாக.