இல்லத்தின் ஒழுங்கும் பிள்ளைகளின் பங்கும்

இல்லத்தைத் துப்புரவாகப் பேணுதலை நாம் பழக்கவழக்கப் பிரச்சினையாக மட்டும் கொள்ளலாகாது. அது உழைப்புப் பிரிவினை சார்ந்ததுமாகும்.

1907 இல் உரோம் நகரின் சான் லொறென்சோ தொழிலாளர் குடியிருப்பில் மரியா மொன்ரிசோரி அம்மையார் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’ ஈண்டு நோக்கற்பாலது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்குவதைத் தடுக்கவே கட்டட உரிமையாளர் அதற்கு இடமளித்தனர். சொத்தைக் காக்க எழுந்த அவ்விடத்திலேயே கூட்டுதல், கழுவுதல், பொருள்களை உரிய இடத்தில் வைத்தல் ஆகியன அன்றாடப் பயிற்சிகளாயின. கைக்கு அடங்கும் விளக்குமாறும் எட்டும் உயரத்தில் அலுமாரியும் அதற்குத் துணைநின்றன. கட்டளையினும் கருவிகளும் சூழலுமே பழக்கத்தை உருவாக்குகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின், அவ்விளக்குமாறு பெண்பிள்ளைக்கு மட்டுமே கொடுக்கப்படுமாயின் பழைய அடிமைத்தனமே தொடரும். உண்ட கோப்பையை ஆண்பிள்ளையும் கழுவும்போதுதான் வீட்டின் ஒழுங்கு தாயொருத்தியின் ஊதியமற்ற உழைப்பாக இராது, அனைவரதும் பொறுப்பாக மாறும் என்பதே எமது கருத்தாகும்.