மலைநாட்டு வேனும் அதன் டயரும்

அவிசாவளையை விட்டுக் கிளம்பும் ஏ-7 நெடுஞ்சாலை, இறப்பர்த் தோட்டங்களின் நிழலில் சிறிது தூரம் சென்று, கித்துள்கலையில் களனி ஆற்றை ஒட்டி ஓடி, கினிகத்தேனை மலையேறித் தேயிலை நாட்டுக்குள் புகுகின்றது. ஹட்டனையும் தலவாக்கலையையும் கடந்து, கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் அது முடிவடைகின்றது. கீழே இறப்பர், மேலே தேயிலை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1876இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவை அடைந்தன. ஒன்பது ஆண்டு இடைவெளியில் வேரூன்றிய இவ்விரு பயிர்களும் ஒன்றையொன்று தொடும் இடம் எதுவென்று கேட்டால், மழை நனைத்த மலைச்சாலையில் உருளும் டயரின் அடி என்றே சொல்லவேண்டும்.

தோட்டத்து மக்களின் வாழ்வில் வேனுக்கு உள்ள இடத்தைப் பட்டணத்தவர் எளிதில் உணர்ந்துகொள்ள மாட்டார். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. பகலில் மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணை லயத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் பல வேளைகளில் அதுவே. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியுடன் அமைந்த 150 கட்டில்கள் கொண்ட கட்டடம் 2017இல் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் மேல் டிவிஷனிலிருந்து அதன் வாயிலை அடைவதற்கு, முதலில் கரடுமுரடான தோட்டப் பாதை, பின்னர் வளைந்து வளைந்து இறங்கும் தார்ச்சாலை ஆகிய இரண்டையும் கடந்தாக வேண்டும்.

இவ்வேன்களுள் பெரும்பாலானவை பழையவை. 1982ஆம் ஆண்டு முதல் நான்கு சில்லு இயக்கத்துடனும் வெளிவந்த மிற்சுபிஷி டெலிக்காவும், இலங்கையில் ‘டொல்பின்’ என்ற செல்லப்பெயர் பெற்ற டொயோட்டா ஹயஸும் யப்பானில் உழைத்துக் களைத்த பின்னர் இங்கு வந்து இரண்டாம் வாழ்வு தொடங்கியவை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வேனைப் பேணுவதன்றி வேறு வழி எவருக்கும் இருக்கவில்லை. பழைய வண்டியில் எஞ்சினைப் புதிதாக்குவது பெருஞ்செலவு. உடலைப் புதிதாக்குவது அதைவிடப் பெருஞ்செலவு. முழுமையாகப் புதிதாக்கக்கூடிய உறுப்பு டயர் ஒன்றே. அதனாலேயே அதைத் தேர்ந்தெடுப்பதில் சிந்தனை வேண்டியிருக்கின்றது.

எந்நிலத்துக்கும் ஏற்றவை என்று விற்கப்படும் டயர்களைக் கடையில் பார்ப்பவர், பெரும் கட்டிகளும் ஆழ்ந்த பள்ளங்களும் கொண்ட முரட்டு டயரையே முதலில் தொட்டுப் பார்க்கிறார். சேற்றைக் கடக்க அது உதவும் என்பது உண்மை. ஆனால் வேன் எங்கே ஓடுகின்றது என்று கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். தோட்டத்து முச்சந்தியிலிருந்து லயம் வரை இரண்டு மூன்று மைல் கல்லும் சேறும். அதற்கப்பால் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பல மைல் நனைந்த தார். சேற்றுக்கென்றே செய்த டயரில் பள்ளம் மிகுதியாகையால் தாரைத் தொடும் இறப்பர் குறைவு. நனைந்த தாரில், அதிலும் பாசி படிந்த வளைவில் அல்லது கொழுந்து லொறி எண்ணெய் சிந்திய இடத்தில், வண்டியை நிறுத்துவது தொட்டுநிற்கும் இறப்பரேயன்றிப் பள்ளம் அன்று.

இங்கே பலர் மயங்கும் ஓர் இடம் உண்டு. நான்கு சில்லு இயக்கம் இருப்பதால் வண்டி எல்லா நிலையிலும் பாதுகாப்பானது என்று எண்ணுகின்றனர். நான்கு சில்லுகளும் உந்துவது ஏறுவதற்குத்தான் துணை. பிரேக் பிடிக்கும்போது, எந்த வண்டியாயினும், நான்கு சில்லுகளிலும்தான் பிடிக்கின்றது. அதில் இவ்வேனுக்குத் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. தாழ்ந்த கியரில் எஞ்சின் தரும் தடை, தளர்ந்த மண்ணில் இறங்கும்போது நான்கு சில்லுகளுக்கும் பகிரப்படுவது ஒரு நன்மைதான். ஆனால் நனைந்த தாரில் இறங்கும் வேனைக் காப்பது டயரின் பிடி ஒன்றே. ஆகவே மலைநாட்டு வேனுக்கான டயரை ஏறுவதற்காக அன்று, இறங்குவதற்காகவே தெரிந்தெடுக்க வேண்டும்.

அவ்வாறு தெரிந்தெடுப்பவர் நடுத்தர முரட்டுத் தன்மையுள்ள டயரை நாடுவார். அதன் நடுவில் கட்டிகள் நெருங்கி ஏறக்குறைய ஒரு தொடர்ந்த பட்டைபோல் அமைந்திருக்கும். ஒவ்வொரு கட்டியிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய கீற்றுகள் காணப்படும். நனைந்த பரப்பில் அக்கீற்றுகளின் விளிம்புகளே தாரைப் பற்றுகின்றன. கீற்று இல்லாத பருத்த கட்டிகளைக் கண்டால், எத்துணை அழகாயிருப்பினும், அதை விட்டுவிடுவது நன்று. பக்கச்சுவரில் ‘எம்’, ‘எஸ்’ என்னும் எழுத்துக்கள் இருப்பதைச் சிலர் பெரிதாகச் சொல்லி விற்பதுண்டு. சேற்றுக்கும் பனிக்கும் உரியது என்று உற்பத்தியாளர் தாமாக இட்டுக்கொள்ளும் குறி அது. பரிசோதனையில் வென்ற சான்று அன்று. மலைச்சிகரமும் பனித்துளியும் வரைந்த குறியோ பரிசோதனைக்குப் பின் இடப்படுவது. ஆயினும் அது உறைபனி நாடுகளுக்குரியது. தை மாதக் காலையில் நுவரெலியாவின் புல்லில் வெள்ளை படர்வதற்காக அந்தக் குறிக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. வண்டியின் முன்கதவுத் தூணில் ஒட்டிய தகட்டில் உரிய அளவு எழுதப்பட்டிருக்கும். 215/75 ஆர் 15 என்றிருப்பதாகக் கொள்வோம். டயரின் அகலம் 215 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75. சில்லின் குறுக்களவு 15 அங்குலம். கணக்கிட்டால் டயரின் முழுக் குறுக்களவு ஏறக்குறைய 703 மில்லிமீற்றர் வருகின்றது. கம்பீரம் கருதி 235/75 ஆர் 15 பூட்டினால் அது 733 ஆகிவிடும். நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேற்பட்ட உயர்வு. சிறிய வேறுபாடென்று தோன்றும். ஆனால் எல்லாக் கியர்களும் அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டன என்பதே அதன் பொருள். ஏற்றத்தில் பழைய டீசல் எஞ்சின் திணறும். இறக்கத்தில் எஞ்சின் தரும் தடையும் அதே அளவு குறையும். கொண்டை ஊசி வளைவில் முழுத் திருப்பம் கொடுக்கும்போது டயர் உள்மட்காப்பில் உராயவும் கூடும்.

பாரம் தாங்கும் ஆற்றலும் அளவைப்போலவே முக்கியமானது. அளவுக்குப் பின் வரும் எண்ணே அதைச் சொல்கின்றது: 95 எனில் ஒரு டயர் 690 கிலோகிராமும், 106 எனில் 950 கிலோகிராமும் தாங்கும். 1,700 கிலோகிராம் எடையுள்ள வேனில் பன்னிருவரும் மூட்டைகளும் ஏறினால் 2,500ஐ நெருங்குகின்றது. நான்கு 690ஐக் கூட்டினால் 2,760. போதுமென்று மனம் சொல்லும். ஆனால் எடை நான்கு சில்லுகளிலும் சமமாக நிற்பதில்லை. இறக்கத்தில் பிரேக் அழுத்தும்போது, அதுவும் ஓட்டுநரின் இருக்கைக்கடியிலேயே முன்னச்சு அமைந்த இத்தகைய வேன்களில், முன்சில்லுகளே பெரும்பங்கைச் சுமக்கின்றன. வளைவில் வெளிப்பக்கத்து முன்டயர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. உல்லாசக் காருக்குரிய டயர் அளவில் பொருந்தினாலும் வேனுக்கு ஆகாது. பாரவண்டிக்குரிய ‘சி’ அல்லது ‘எல்.டி.’ என்ற குறியுள்ளதையே கேட்டு வாங்கவேண்டும்.

பணநெருக்கடியால் இம்மாதம் இரண்டு டயர், அடுத்த தீபாவளிக்கு இரண்டு டயர் என்று வாங்குவோர் பலர். இரு சில்லு இயக்கமுள்ள வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் பழைய நான்கு சில்லு வேன்கள் பலவற்றில், நெம்பைப் போட்டவுடன் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. முன்னே தேய்ந்த டயரும் பின்னே புதிய டயரும் இருந்தால், ஒரே தூரத்துக்கு அவை வெவ்வேறு எண்ணிக்கை சுழல முயலும். அந்த முரண்பாட்டை மண்பாதை சறுக்கி விட்டுக்கொடுக்கும். உலர்ந்த தார் விட்டுக்கொடாது. முறுக்கம் கியர்ப்பெட்டியில் ஏறி, டயரில் மிச்சம்பிடித்த பணத்தைப் பன்மடங்காகக் கறந்துவிடும். நான்கு விலையுயர்ந்த டயர் வாங்க இயலாதவர், இரண்டு விலையுயர்ந்தவற்றை வாங்குவதைவிட, நான்கு சாதாரண வேன் டயர்களை ஒரே மாதிரியாக வாங்குவதே அறிவுடைமை. தோட்டப் பாதைக்குக் கொங்கிறீற் இட்டுவிட்ட இடங்களில் முரட்டு டயரே வேண்டியதில்லை.

பக்கச்சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் கடையில் கிடந்தாலும் இறப்பர் முதுமையடைந்து இறுகும். ஆறு ஆண்டு கடந்ததைப் புதியது என்று விலை கொடுத்து வாங்கலாகாது. பத்தாண்டு கடந்ததை, பள்ளம் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும், கழற்றிவிட வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு விந்தை. கொழும்பில் நிரப்பிய டயர் நுவரெலியாவின் குளிரில் அழுத்தம் இழக்கும் என்று எண்ணுவது இயல்பு. 15 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய மூன்று இறாத்தல் குறையவும் செய்கின்றது. ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு மூன்று இறாத்தலளவு குறைவாகையால், அளவுகருவி காட்டும் எண் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே எண் குறைந்திருந்தால் மலையின்மீது பழிபோடாமல் ஆணியைத் தேடவேண்டும். தேடுகையில், வேனின் அடியில் சேறு பூசித் தொங்கும் ஐந்தாவது டயரையும் ஒருமுறை இறக்கிப் பார்ப்பது நலம். அதன் அளவும் மற்ற நான்கின் அளவாக இருக்கவேண்டும். அதன் நான்கு இலக்கங்களைத் துடைத்துப் படித்தவர் மிகச் சிலரே.