பெயர்ப்பலகையும் பொதுவெளியும்

ஓர் ஊரின் பெயரே அவ்வூரின் முதற் பெயர்ப்பலகை எனலாம். காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள திருப்புட்குழி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ‘புள்’ என்பது பறவை. ‘குழி’ என்பது பள்ளம். சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இச்சிறு பெயருக்குள் அடங்கியுள்ளது. வணிகர் தம் கடைக்கு இடும் பெயரும் இத்தகையதே. உள்ளே கிடைப்பது யாது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பவற்றை வழிப்போக்கருக்கு அது அறிவிக்கின்றது.

பலகை கடைக்காரருக்கு உரியது. அது கண்ணிற்படும் தெருவோ அனைவர்க்கும் உரியது. இவ்விரண்டு உரிமைகளும் சந்திக்கும் இடத்திலேதான் விதிகள் பிறக்கின்றன. கடன் வாங்கிக் கடை தொடங்கும் இளைஞர் பலர் பலகையை எழுதி மாட்டிய பின்னரே இவ்விதிகளைக் கேள்விப்படுகின்றனர். அகற்றுமாறு ஆணை வரும்போது செலவும் வீண், மனமும் நோகும். எந்த மொழியில் எழுதுவது, யாருடைய இடத்தில் நிறுத்துவது, விழுந்தால் யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களை முன்னரே எழுப்பிக்கொண்டால் இத்தொல்லையில் பெரும்பகுதி நீங்கும்.

எந்த மொழியில்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த 1948-ஆம் ஆண்டு விதிகளின்படி, கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும். பிற மொழிகளையும் எழுதலாம். ஆனால் அவை தமிழுக்குக் கீழே இடம்பெற வேண்டும். தமிழே மேலோங்கித் தெரிய வேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்திற்கு மூன்று பங்கு, வேறொரு மொழிக்கு இரண்டு பங்கு என்னும் அளவு நடைமுறையில் வலியுறுத்தப்படுகிறது.

இவ்விதி பிற மொழிகளுக்குப் பகையன்று. இதே நெடுஞ்சாலை மேற்கே சென்று தொடும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது வழங்குவதை நாம் அறிவோம். அங்கே தமிழும் ஆங்கிலமும் உருதுவும் ஒரே பலகையில் அடுத்தடுத்து நிற்பதற்கு விதியில் தடையேதும் இல்லை. வரிசையையும் அளவையும் மட்டுமே அது வகுக்கின்றது. 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டமும், பதிவு பெற்ற நிறுமம் ஒவ்வொன்றும் தன் அலுவலகத்தின் வெளியே வட்டார மக்கள் பயிலும் மொழியின் எழுத்திலும் பெயரை எழுத வேண்டும் என்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலம் 1977-இலேயே பிரெஞ்சு மொழிக்காக இத்தகைய சட்டம் செய்தது. இவற்றின் நோக்கம் ஒன்றே: பள்ளிப்படிப்புக் குறைந்த தாயொருத்தி, நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவில் மருந்துக்கடை தேடி வரும்போது, அவளுக்குத் தெரிந்த எழுத்து அங்கே இருக்க வேண்டும்.

பலகையில் எழுத வேண்டியவை வேறு சிலவும் உள. சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்துகொண்டவர், தம் பதிவு எண்ணை வாயிலில் உள்ள பெயர்ப்பலகையில் காட்ட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு விதி. இணக்க முறையில் வரி செலுத்தும் சிறு வணிகர் அதனையும் அறிவிப்புப் பலகையில் குறிப்பிட வேண்டும். அவர் வாடிக்கையாளரிடம் தனியே வரி வாங்க இயலாது என்பதை நுகர்வோர் இதனால் அறிகின்றனர்.

யாருடைய இடத்தில்?

தம் கடையின் முகப்பில் தம் பெயரை எழுதி மாட்டுவது ஒன்று. சாலையோரத்தில் கம்பம் நட்டு விளம்பரப் பலகை நிறுத்துவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை அறியாமையே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். விளம்பரப் பலகைக்குத் தனியே உரிமம் பெற வேண்டும். தமிழ்நாட்டின் இவ்வுரிமச் சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

உரிமம் கேட்டு எங்கே செல்வது? திருப்புட்குழி போன்ற சிற்றூர்கள் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்திற்கு உட்பட்டவை. ஆகவே ஊராட்சி அலுவலகத்தில் விசாரிப்பதே முதற்படி. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரத்தில் கடை வைப்போர் மாநகராட்சி அலுவலகத்தை நாட வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2023-ஆம் ஆண்டு முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன.

நெடுஞ்சாலையோரத்தில் கடை வைப்போர்க்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. கடைக்கும் தார்ச்சாலைக்கும் இடையே வெறுமையாகக் கிடக்கும் நிலம் பெரும்பாலும் சாலைக்குரியதேயாம். 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அந்நிலத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது. பிறர் சுவரில் எழுதுவதற்கும் ஒட்டுவதற்கும் உரியவரின் இசைவு வேண்டும் என்பதை 1959-ஆம் ஆண்டின் பொது இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் கூறுகிறது.

விழுந்தால் யார் பொறுப்பு?

2019 செப்டம்பர் 12-ஆம் நாள், சென்னை பள்ளிக்கரணையில் இருசக்கர வண்டியில் சென்றுகொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மீது, சாலையின் நடுத்தடுப்பில் கட்டப்பட்டிருந்த பதாகை ஒன்று சரிந்து விழுந்தது. நிலைதடுமாறி வீழ்ந்த அவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அப்பதாகை திருமண வரவேற்புக்காக அனுமதியின்றி வைக்கப்பட்டது. 2024 மே 13-இல் மும்பையின் காட்கோபர் பகுதியில் புயற்காற்றில் மாபெரும் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் மாண்டனர். நாற்பதடிக்கு நாற்பதடியே உச்ச அளவு என்றிருக்க, அது நூற்றிருபதடிக்கு நூற்றிருபதடியாய் நின்றது.

பலகை பெரிதாக ஆக அதன்மேல் மோதும் காற்றின் விசையும் பெருகும். நீளத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். காற்று தள்ளும் விசையும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவேதான் கட்டமைப்பின் உறுதிக்குப் பொறியாளரின் சான்று கோரப்படுகிறது. அச்சான்றை வெறும் தாளென்று எண்ணுவோர், தெருவில் நடப்போர் உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரம் 2007-ஆம் ஆண்டு முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளை அறவே நீக்கியது. கடைப் பெயர்ப்பலகைக்கும் முகப்பின் நீளத்திற்கேற்ப அளவு வகுத்தது. அவ்வளவு தூரம் நாம் செல்ல வேண்டுவதில்லை. எனினும் பலகைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும் தெருவில் எதுவும் படிக்கப்படுவதில்லை என்பதை அந்நகரம் உணர்ந்தது.

விதி கூறுவோர் கடமை

விதியை மீறுவோரை மட்டும் குறை கூறுதல் நீதியாகாது. பெரும்பதாகைகள் நாட்கணக்கில் நிற்க, தேநீர்க்கடைக்காரரின் சிறு பலகை மட்டும் அகற்றப்படுமாயின் சட்டத்தின்மேல் மதிப்பு எங்ஙனம் வளரும்? விதி எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதும் எளியவருக்குத் தெரிவதில்லை.

இம்மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கோயிற் சுவரிலேயே பொறித்து வைத்தது. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகளை இன்றும் நாம் காணலாம். ஊரார் பின்பற்ற வேண்டிய விதி ஊரார் காணுமிடத்தில் இருக்க வேண்டும் என்னும் நெறியை அவை நினைவூட்டுகின்றன. பலகைக்குரிய விதிகளையும் கட்டணத்தையும், விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய தாள்களையும் எளிய தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தால் பாதிக் குற்றங்கள் நிகழா.

தமிழ் பயிலும் மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. ‘மெடிக்கல்ஸ்’, ‘பேக்கரி’ என ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டு விதி நிறைவேறியதாகக் கருதுவோர் பலர். ‘மருந்தகம்’, ‘அடுமனை’ என்னும் சொற்களை அவர்களிடம் எடுத்துக் கூறலாம். ‘பழகடை’ என்று எழுதப்படுமுன் ‘பழக்கடை’ என்று ஒற்று இட்டுத் தரலாம். புதிதாய்க் கடை திறக்கும் உறவினருக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். சாலை எல்லையை அளந்து பார்க்குமாறு நினைவூட்டலாம். வகுப்பறையில் கற்ற தமிழ் கடைத்தெருவிற்கும் இவ்வாறு பயன்படும். நம் பெயர் ஊராருக்கு விளங்கும் மொழியில், நமக்குரிய இடத்தில், எவர் தலைமேலும் விழாத உறுதியோடு நிற்குமாயின், அதுவே வணிகத்திற்கு முதல் நற்சான்று ஆகும்.