வயலுக்கு வரும் பறவைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

சென்னையின் தென்பகுதியில் உள்ள வேளச்சேரி, ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமம். இன்று அங்கே எஞ்சியிருப்பது ஏரியின் ஒரு பகுதிதான். மற்ற இடமெல்லாம் அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் சாலைகளும் ஆகிவிட்டன. ஆனால் அந்த ஊரில் இன்று எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது, எத்தனை வருகிறது என்று கேட்டால் எழுத்தில் விடை கிடைக்கும். வயலாக இருந்த காலத்தில் என்னென்ன வந்தன என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்களின் நினைவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாடு உழவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. நகரத்துக் குருவிக்குக் கணக்கு இருக்கிறது. பயிரைக் காக்கும் வயல் பறவைக்குப் பெரும்பாலும் இல்லை.

பொதுமக்களே எடுக்கும் கணக்கு

வேளச்சேரிக்கு வடக்கே கிண்டி தேசியப் பூங்கா. தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். கிண்டியில் புள்ளிமான், வெளிமான், நரி, கீரி ஆகியவை வாழ்கின்றன. பள்ளிக்கரணையில் பூநாரை, கூழைக்கடா, தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி, அன்றில் முதலியவற்றைக் காணலாம். குளிர்காலத்தில் நீலச்சிறகி போன்ற வாத்து இனங்கள் வெகு தொலைவிலிருந்து வருகின்றன.

இவற்றைப் பதிவு செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் அல்லர். ஆசிரியர், வங்கி ஊழியர், மாணவர், இல்லத்தரசி என்று பல தரப்பட்டவர்கள். சென்னை இயற்கையாளர் சங்கம் 1978-ல் தொடங்கப்பட்டது. கிண்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஜனவரி மாதந்தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடந்து வருகிறது.

இது புதிய பழக்கமும் அன்று. அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பறவைகளைச் சுட்டு விளையாடும் வழக்கத்துக்கு மாற்றாக, 27 பேர் பறவைகளை எண்ணத் தொடங்கினர். அந்தக் கணக்கு இன்றும் ஆண்டுதோறும் தொடர்கிறது.

கணக்கால் கண்ட பயன்

பள்ளிக்கரணையைக் குப்பை கொட்டும் வெற்று நிலமாகப் பலர் நினைத்த காலம் உண்டு. அது உயிருள்ள நிலம் என்று காட்டுவதற்கு ஆர்வலர்கள் சேர்த்து வைத்த பறவைப் பட்டியல்கள் உதவின. 2007-ல் அதன் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலங்களின் பட்டியலிலும் பள்ளிக்கரணை இடம் பெற்றது.

நாடு முழுவதும் சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் அனுப்பிய மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு, 2023-ல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை வெளியாயிற்று. அதில் உழவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இரண்டு செய்திகள் உள்ளன.

ஒன்று, பனங்காடை பற்றியது. மின்கம்பியிலும் பட்ட மரத்திலும் அமர்ந்து, வயலில் இறங்கி வெட்டுக்கிளி, வண்டு முதலியவற்றைப் பிடித்துத் தின்னும் நீல நிறப் பறவை இது. பன்னிரண்டு ஆண்டுகளில் இதன் எண்ணிக்கை 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருப்பதாக அறிக்கை கூறுகிறது.

மற்றொன்று, மயில் பற்றியது. மயில் நாட்டில் பெருகி வருகிறது; புதிய இடங்களுக்கும் பரவுகிறது. நிலக்கடலை, நெல், தக்காளி பயிரிடுவோர் சொல்லி வரும் குறையை இந்தக் கணக்கு மெய்ப்பிக்கிறது.

குறைவதும் பெருகுவதும் இப்படித் தெரிய வந்ததற்குக் காரணம், சாதாரண மக்கள் விடாமல் எண்ணியதுதான். ஆனால் இப்பதிவுகளில் பெரும்பகுதி நகரங்கள், ஏரிகள், சரணாலயங்களிலிருந்து வருபவை. சிறு விவசாயியின் அரை ஏக்கரிலிருந்து வருபவை மிகக் குறைவு.

எப்படி எண்ணுவது?

இதற்குச் செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். கீழ்க்கண்ட முறையைக் கடைப்பிடிக்கலாம்.

1. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிணற்றடி, களத்துமேடு, வரப்பு எதுவானாலும் சரி. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

2. வாரத்துக்கு ஒரு நாள், காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், 15 நிமிடம் எண்ண வேண்டும். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறிக்க வேண்டும்.

3. கண்ணில் பட்ட, காதில் விழுந்த எல்லாப் பறவைகளையும் எழுத வேண்டும். காகம்தானே, மைனாதானே என்று விட்டுவிடக் கூடாது. அரிய பறவையை மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது.

4. வழக்கமாக வருவது அன்று வராவிட்டால் சுழி போட வேண்டும். வரவில்லை என்பதும் ஒரு செய்தியே.

5. இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது. ‘கொக்கு வகை’, ‘பருந்து வகை’ என்று எழுதினால் போதும். உள்ளூர்ப் பெயரும் ஏற்றதே.

6. பயிர் என்ன, அதன் வயது என்ன, அந்த வாரம் மருந்து தெளித்ததா என்பதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கலாம்: “தை 3. காலை 6.30 முதல் 6.45 வரை. கிணற்றடி. நிலக்கடலை, 25 நாள் பயிர். உண்ணிக்கொக்கு 12, கரிச்சான் 2, மைனா 6, பனங்காடை 0, மயில் 3. மருந்து இல்லை.”

வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால், இதையே கைப்பேசி மூலம் ‘ஈபேர்டு’ என்னும் உலகப் பறவைப் பதிவேட்டில் சேர்த்துவிடலாம். கட்டணம் கிடையாது. பாம்பு, பல்லி, வண்ணத்துப்பூச்சி, செடி ஆகியவற்றின் படங்களை ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்னும் பதிவேட்டில் இட்டால், விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். பாம்பைப் படம் எடுப்பதற்காக அருகில் போகக் கூடாது.

உழவருக்கு என்ன லாபம்?

கரிச்சான், மைனா, உண்ணிக்கொக்கு, பனங்காடை ஆகியவை கூலி வாங்காத வேலையாட்கள். அவை எத்தனை வருகின்றன என்று தெரிந்தால், மருந்து தெளிப்பதற்கு முன் சற்று நிதானிக்கலாம். பச்சைக் காய்ப்புழு தாக்கும் பயிர்களில் ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகள் நடலாம். கவட்டையான குச்சியைப் பயிரின் மட்டத்துக்கு மேல் தெரியும்படி நட்டால், கரிச்சான் வந்து உட்காரும். தாங்கி நடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தால் அதனால் பலன் உண்டா என்பது தெரிந்துவிடும். தானியப் பயிரில் மணி பிடிக்கும்போது தாங்கிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கதிரைத் தின்னும் பறவைகளுக்கு அவை வசதியாகிவிடும்.

இரவில் வரும் கூகையையும் ஆந்தையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எலியே இவற்றின் முக்கிய இரை. புரோமடியலோன் கலந்த எலி மருந்தைத் தின்ற எலியைக் கூகை தின்றால், அந்த விஷம் கூகையையும் பாதிக்கும். மருந்து வைத்தால் செத்த எலிகளைத் தேடி எடுத்துப் புதைத்துவிடுவது அவசியம்.

மயிலால் நட்டம் அடைவோருக்கும் இந்த நோட்டு உதவும். மயில் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். விஷம் வைத்துச் சிறைக்குப் போவதைவிட, எந்தத் தேதியில் எத்தனை மயில் வந்தது, எவ்வளவு பரப்பில் அழிவு என்று ஒரு பருவம் முழுவதும் எழுதி, ஊரார் பலர் சேர்ந்து வனத்துறையிடம் கொடுக்கும் மனுவுக்கு வலு அதிகம். “நிறைய வருகிறது” என்று வாயால் சொல்வதைத் தள்ளிவிடலாம். தேதியோடு எழுதிய கணக்கைத் தள்ளுவது எளிதன்று.

எதிலிருந்து தொடங்குவது?

வருகிற பொங்கல் நாட்களில் நான்கு காலையும் 15 நிமிடம் ஒதுக்கி உழவர் பெருமக்கள் இதைத் தொடங்கலாம். பால் கணக்கு, கூலிக் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடைசிப் பத்துப் பக்கத்தை இதற்கு விட்டால் போதும். முதல் ஆண்டுக் கணக்கு பெரிதாக எதையும் சொல்லாது. மூன்று, நான்கு ஆண்டுகள் சேர்ந்தபின் எது கூடுகிறது, எது குறைகிறது என்பது தெரியத் தொடங்கும். வயலை விற்க நேர்ந்தாலும், பிள்ளைகள் கைக்கு மாறினாலும், அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. வேளச்சேரியில் வயல் இருந்த நாளில் எழுதப்படாத கணக்கு அதுதான்.