எத்தனை மடங்கு பெரிசாகக் காட்டும்?

பள்ளி மைதானத்தில் தொலைநோக்கியை இறக்கி வைத்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஆசிரியர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். விற்பவர்களுக்கும் இது தெரியும். பொம்மைக்குச் சற்றே மேலான தொலைநோக்கியின் அட்டைப்பெட்டியில்கூட '500 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் தொலைநோக்கியின் தலையாய வேலை ஒளியைச் சேர்ப்பது. பெரிதாக்குவது அதற்கு அப்புறம்தான்.

நல்ல இருட்டில் நம் கண்ணின் பாவை அதிகம் போனால் 7 மில்லிமீட்டர் விரியும். ஒரு விண்மீனிலிருந்து வரும் ஒளியில் அந்தத் துளைக்குள் விழுவது மட்டுமே நம் பங்கு. 6 அங்குலத் தொலைநோக்கியின் குழியாடி 150 மில்லிமீட்டர் அகலம். பரப்பில் கண்பாவையைப்போல 450 மடங்கு. மழைக்கு டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். குழாயின் அடியில் இருக்கும் இந்த ஆடி ஒளியைக் குவித்து மேலே அனுப்பும். குழாயின் வாய்ப்பக்கம் சாய்வாகப் பொருத்திய சிறு சமதள ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அங்கே கண்ணருகு வில்லை. 1668இல் நியூட்டன் செய்த ஏற்பாடு இது.

ஆடியின் குவியத்தூரத்தை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைத்துவிடும். 1200 மி.மீ. ஆடிக்கு 25 மி.மீ. வில்லை போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120. வில்லையை மாற்றி மாற்றி மேலும் ஏற்றிக்கொண்டே போகலாம், தடையில்லை. ஆனால் சேர்ந்த ஒளி அதேதான் என்பதால் படம் மங்கிக் குழம்பிவிடும். சனியின் வளையத்தைக் காண 48 மடங்கே தாராளம்.

இப்படியொரு ஆடியை எளிய மனிதர்களின் கைக்குக் கொண்டுவந்தவர் ஒரு துறவி. ஜான் டாப்சன் 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் சேர்ந்தவர். கப்பல் சாளரத்தின் தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடி செய்தார். குழாய்க்குக் கெட்டி அட்டை, தாங்க பிளைவுட் பெட்டி, உராயும் இடங்களில் டெஃப்லான் துண்டுகள். விரலால் தள்ளினால் வழுக்கி நகரும்; விட்ட இடத்தில் நிற்கும். மடத்து வேலையைக் கவனிக்காமல் தொலைநோக்கியோடு சுற்றுகிறார் என்ற பேச்சு முற்றி, 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மறுவருடமே சிலரைச் சேர்த்துக்கொண்டு தெருமுனையில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த வகைக்கு இன்று டாப்சோனியன் என்றே பெயர். பள்ளிக்கு வாங்குவதென்றால் மோட்டார் வைத்த விலையுயர்ந்த ரகங்களைவிட இதையே சொல்வேன்.

இனி நாள் பார்க்க வேண்டும். பௌர்ணமிதான் விசேஷம் என்று நினைத்து அன்றைக்கு வைப்பவர்கள் உண்டு. அன்று நிலாவின் மீது வெயில் நம் பக்கமிருந்து நேராக விழுவதால் நிழலே இராது. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் மேடும் தெரியாது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டி வைத்தால், ஒளியும் இருளும் சேரும் கோட்டோரம் ஒவ்வொரு பள்ளமும் செதுக்கியதுபோல் நிற்கும். அடுத்த ஓரிரு நாளில் கோபர்னிக்கஸ் பள்ளமும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். குறுக்களவு சுமார் 93 கிலோமீட்டர். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் வசதி. மொட்டைமாடி மட்டும் வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெயிலைச் சிமெண்டுத் தளம் இரவில் கக்கும். அந்தச் சூட்டுக் காற்றில் படம் நெளியும். மண் தரையே நல்லது. சூரியன் மறையும் வரை குழாயின் மூடியைக் கழற்றவே கூடாது. ஆடி குவிக்கும் வெயில் ஒரு நொடியில் பார்வையைப் பறித்துவிடும்.

வியாழனைக் காட்டினால், கலிலியோ 1610இல் கண்ட நான்கு நிலவுகளும் பெரும்பாலும் ஒரே வரிசையில் புள்ளிகளாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "சார், யாரோ இடிச்சிட்டாங்க, காணோம்!" யாரும் இடிக்கவில்லை. நகர்ந்தது நாம் நிற்கிற பூமி. 120 மடங்கில் சுமார் இரண்டே நிமிடத்தில் வியாழன் பார்வையைவிட்டு ஓடிவிடும். மோட்டார் ரகம் இதை ஈடுகட்டி மறைத்துவிடுகிறது. டாப்சோனியனில் பிள்ளைகளே தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டும். பூமி சுழல்வதை இதைவிட நன்றாகக் காட்டும் பாடம் வகுப்பறையில் கிடையாது.

ஏமாற்றம் வருவது ஓரியன் நெபுலாவில். புத்தகத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது இங்கே சாம்பல் நிறப் புகையாகத் தெரியும். கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேமிக்கும். கண்ணால் அது முடியாது. தவிர, மங்கலில் வேலை செய்யும் விழித்திரையின் குச்சிச் செல்களுக்கு நிறம் தெரியாது. இதை முன்பே சொல்லிவிட வேண்டும். அவை விழித்திரையின் நடுவில் இல்லாததால், நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால் புகை இன்னும் விரியும். அவை முழுதாகப் பழக இருபது நிமிட இருட்டாவது வேண்டும். ஒரே ஒரு செல்போன் டார்ச் அடித்தால் போச்சு, மொத்த வரிசையும் மறுபடி முதலிலிருந்து. போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஆசிரியரின் டார்ச்சுக்கு மட்டும் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிவிடலாம். மங்கலான சிவப்பைக் குச்சிச் செல்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.