விசைப்படகில் பேட்டரி ஏன் நிறைவதில்லை?

தங்கல் மீன்பிடிப்புக்குச் செல்லும் விசைப்படகில் டீசல் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். வயர்லெஸ், இரவு விளக்குகள் ஆகிய அனைத்தும் 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியை நம்பியே இயங்குகின்றன. அதில் சார்ஜ் நிற்காமல் போகும்போது பல படகுகளில் முதலில் செய்யப்படுவது பேட்டரியை மாற்றுவதுதான். புதிய பேட்டரியும் சில மாதங்களில் அதே நிலைக்கு வந்துவிட்டால் பழி அதைச் செய்தவர் மீதும் விற்றவர் மீதும் விழுகிறது. பேட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் இடம் மட்டுமே என்பதால், அது வெறுமையாகிக் கிடப்பதற்கான காரணத்தை மின்சாரம் பிறக்கும் இடத்திலும், அது வந்து சேரும் வழியிலும், செலவாகும் கணக்கிலும் தேடியாக வேண்டும். உப்புக்காற்றில் இயங்கும் படகில் இம்மூன்றில் முதலில் ஐயப்பட வேண்டியது வழியே.

மின்சாரம் பிறக்கும் இடம், மீனவர் பலர் டைனமோ என்றே அழைக்கும் ஆல்டர்நேட்டர். எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் இக்கருவியின் நடுவிலுள்ள ரோட்டார் ஒரு மின்காந்தமாகும். கரி பிரஷ்கள் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் அதற்குச் சென்றால்தான் காந்தப்புலம் எழும். அப்புலம் சுற்றியிருக்கும் ஸ்டேட்டர் சுருள்களில் மாறுதிசை மின்சாரத்தைத் தூண்டுகிறது; மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக்குகின்றன; ரெகுலேட்டர் என்னும் கட்டுப்படுத்தி, ரோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வெளியீட்டை 14 வோல்ட்டை ஒட்டி நிறுத்துகிறது. தொடக்கத்தில் ரோட்டாரைக் காந்தமாக்கும் மின்னோட்டம் பல எஞ்சின்களில் டேஷ்போர்டிலுள்ள சிவப்புச் சார்ஜ் விளக்கின் வழியாகவே வருகிறது. ஆகவே அந்தச் சிறு பல்பு எரிந்துபோனாலோ, அதற்குப் பதிலாகப் போதிய மின்னோட்டத்தைக் கடத்தாத எல்.இ.டி. பொருத்தப்பட்டாலோ, குறையேதும் இல்லாத ஆல்டர்நேட்டரும் மின்சாரம் தராமல் வெறுமனே சுழலக்கூடும்.

சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இங்கே தரப்படும் அளவுகள் 12 வோல்ட் பேட்டரிக்கானவை. 24 வோல்ட்டுக்கு அவற்றை இரட்டித்துக்கொள்ளலாம். சில மணி நேரம் ஓய்வில் விடப்பட்ட பேட்டரியில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டி, ஓரளவு சார்ஜ் ஏறிய பின் அளக்கும்போது, அதே முனைகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். எஞ்சின் ஓடியும் எண் உயரவில்லையெனில் சார்ஜ் வரவில்லை என்றும், 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு ஆசிட்டிலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து வீணாகிறது என்றும் கொள்ளலாம்.

சார்ஜ் சரியாக வருவதற்கும் வராமலே போவதற்கும் இடைப்பட்ட நிலையே மிகுந்த ஏமாற்றத்தைத் தருவது. ஆல்டர்நேட்டரின் வெளியீட்டு முனையில் 14.2 வோல்ட்டும் பேட்டரியில் 13.3 வோல்ட்டும் காட்டும் படகில், சார்ஜ் ஏறுவதுபோலவே தோன்றும், சிவப்பு விளக்கும் அணைந்திருக்கும், ஆனால் 13.3 வோல்ட் அழுத்தத்தில் பேட்டரி எளிதில் நிறைவதில்லை. காணாமற்போன 0.9 வோல்ட் வழியிலுள்ள மின்தடையில் தொலைந்திருக்கிறது. ஒயரில் 30 ஆம்பியர் ஓடும்போது இந்த இழப்பு நேர 0.03 ஓம் தடையே போதுமானது. இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையோ, பீப் ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனையோ காட்டிக்கொடுக்காது. பல இழைகள் கொண்ட ஒயரில் ஓரிழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் ஒலி எழுப்பும் என்பதால், அந்தச் சோதனையை நம்பி ஒயரை நல்லதென்று முடிவு செய்வது பெரும் பிழை.

சரியான முறை, மின்னோட்டம் ஓடும்போதே வழியின் இரு முனைகளுக்கு இடையில் மின்னழுத்தத்தை அளப்பதாகும். எஞ்சினை ஓட்டி, விளக்குகளையும் மற்றக் கருவிகளையும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் வெளியீட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணிலும் வைக்க வேண்டும்; தூணைப் பற்றியிருக்கும் கிளாம்பின் மீது வைத்தால் தூணுக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள குறை மறைந்துவிடும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கத்தில் பழுதுண்டு. பிறகு ஆல்டர்நேட்டரின் உடலுக்கும் நெகட்டிவ் தூணுக்கும் இடையிலும் அளக்க வேண்டும்; எர்த் ஒயரைப் பலரும் மறந்துவிடுவதால் குறை அங்கேயே ஒளிந்திருப்பது அரிதன்று. இப்படிப் படிப்படியாக இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே போனால் ஒயர் முனையில் கெட்டுப்போன லக், துரு ஏறிய ஃபியூஸ் பிடிப்பு, தேய்ந்த மெயின் சுவிட்ச் ஆகியவற்றுள் எது என்பது தெளிவாகிவிடும். கடற்காற்றின் ஈரம் ஒயரின் தோலுக்கும் செம்புக்கும் இடையே புகுந்து உள்ளே தொலைவு வரை அரிப்பதால், மேலே சுரண்டித் துடைப்பது பயன் தராது. கறுத்த பகுதியை முழுதும் வெட்டி நீக்கி, இயன்றால் ஈயம் பூசிய செம்பு ஒயரைப் போட்டு, லக்கை அழுத்தியிறுக்கி ஈரம் புகாமல் மூட வேண்டும்.

ஆல்டர்நேட்டரிலேயே குறை இருந்தால் அதற்கும் அடையாளங்கள் உண்டு. தளர்ந்த பெல்ட் சுமை கூடும்போது கிறீச்சிட்டு வழுக்கும், பக்கத்தில் கறுப்பு ரப்பர்ப் பொடி உதிரும். மீட்டரை மாறுதிசை மின்னழுத்தத்துக்கு மாற்றிப் பேட்டரியில் அளக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பழுதாகியிருக்கலாம்; மின்னோட்டத்தைப் பின்னோக்கி விடும் டயோடு இரவோடு இரவாகப் பேட்டரியை வடித்துவிடும். எஞ்சின் ஓடும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கம் அந்த டயோடுகளையே எரித்துவிடக் கூடியது. இதை ஒவ்வொரு டிரைவருக்கும் சொல்லிவைப்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி நிறையாத படகுகளில் கணக்கைப் பார்க்க வேண்டும். இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு 12 ஆம்பியர் சுமையை 8 மணி நேரம் எரித்தால் செலவு 96 ஆம்பியர்-மணி. 150 ஆம்பியர்-மணி பேட்டரி அதிலேயே பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஆல்டர்நேட்டர் மீது பொறிக்கப்பட்ட ஆம்பியர், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைக்கும் அளவாகும். மெதுவோட்டத்தில் அதில் ஒரு பகுதியே கிடைக்கும். அதோடு, நிறைவை நெருங்க நெருங்கப் பேட்டரி மின்னோட்டத்தை மெல்லவே ஏற்றுக்கொள்வதால் கடைசிப் பகுதி நிறையப் பல மணி நேரம் பிடிக்கும்.

குறைந்த சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகமாகிறது. பிறகு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுதாகக் கரைவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் 61 நாள் தடைக்காலத்தின் வெப்பத்தில், பேட்டரி தானாகவே சார்ஜை இழந்துகொண்டிருப்பதால், அப்படியே விடப்பட்டது ஜூனில் எஞ்சினைக் கிளப்பத் திணறுகிறது. முழுச் சார்ஜ் ஏற்றி, ஒயர்களைக் கழற்றி, மாதம் ஒருமுறையாவது மீண்டும் சார்ஜ் போட்டு வைப்பது செலவில்லாத பாதுகாப்பு. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றுவதால் அதைக் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

தடைக்காலம் முடிந்து கிளம்பும் முன் கட்டாயம் சோதிக்க வேண்டிய ஒன்று உண்டு. வி.எச்.எஃப். செட் கேட்கும்போது ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. 25 வாட் ஆற்றலில் பேசும்போது 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கிறது. தளர்ந்த பேட்டரியோ அரித்த ஒயரோ உள்ள படகில் அக்கம்பக்கத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். உதவி கேட்கப் பொத்தானை அழுத்தும் நொடியில் செட் அணைந்துவிடும். எனவே, எஞ்சினை நிறுத்திய நிலையில், அபாய அழைப்புக்குரிய 16-ஆம் சேனலை விடுத்து வேறொரு சேனலில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேச, மற்றொருவர் செட்டின் பின்புறமுள்ள மின்முனையில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பல செட்டுகள் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டு அதில் 15 விழுக்காடு வரையிலான குறைவையே தாங்கக்கூடியவை; அளவு 11.7-க்குக் கீழே விழுந்தால், படகைக் கட்டவிழ்க்கும் முன் பேட்டரியிலிருந்து வீல்ஹவுஸ் வரையிலான அந்த ஒயரை மாற்றிவிட வேண்டும்.