முத்துச் சட்டகத்தில் ஒரு வெள்ளைப் பொடி

பத்தர்கட்டி கடைகளில் தொங்கும் ஹைதராபாத் முத்துச்சரத்தில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட்தான். அதன் அணுக்கள் அரகோனைட் என்னும் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கடல்வாசமே இல்லாத லாந்தனம் போரேட்டிலும் அச்சு அசலாக இதே அடுக்கு.

கார்பனேட்டில் ஒரு கார்பனைச் சுற்றி மூன்று ஆக்சிஜன், தட்டை முக்கோணமாக. கார்பன் இடத்தில் போரான் உட்கார்ந்தால் முக்கோணத்தின் எதிர்மின்னேற்றம் இரண்டிலிருந்து மூன்றாகும். கால்சியத்துக்குப் பதில் மூன்று நேர்மின்னேற்றமுள்ள லாந்தனம் வந்து கணக்கை நேராக்கிவிடுகிறது. கார்பனேட்டும் போரேட்டும் வடிவில் ஒத்துப்போவதைக் கோல்ட்ஷ்மிட், ஹாப்ட்மன் என்னும் ஆய்வாளர்கள் 1932இல் எழுதினார்கள்.

லாந்தனம் போரேட் செய்ய அபூர்வப் பொருள் தேவையில்லை. லாந்தனம் நம் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டிலேயே உண்டு. போரானுக்குக் கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் போதும்.

லாந்தனம் ஆக்சைடு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். முதலில் அதைச் சுட்டு உலர்த்தாவிட்டால் தராசில் தண்ணீரும் சேர்ந்து ஏறும். சூட்டில் போரான் கொஞ்சம் ஆவியாகும் என்பதால் போரிக் ஆசிடைச் சற்றுத் தாராளமாகவே போடுவார்கள். அகேட் உரலில் அரைத்து, 500 டிகிரியில் நீரை விரட்டி, மறுபடி அரைத்து, 1,000 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் வெள்ளைப் பொடி. கண்ணுக்கு அது சுண்ணாம்புப் பொடிபோலத்தான். முத்தின் அடுக்கை எக்ஸ்-கதிர்தான் காட்டும்.

தனிம வரிசையில் லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை போகப் போக அயனி சுருங்கும்: ஆரம் 1.03 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 0.86க்கு. பெரிய லாந்தனத்தைச் சுற்றி ஒன்பது ஆக்சிஜன் நிற்கும். லுட்டீசியத்துக்கு ஆறுதான் இடம். அங்கே அமைவது கால்சைட், அதாவது சலவைக்கல்லின் அடுக்கு. தனிமத்தை மாற்றினால் முத்து சலவைக்கல்லாகிவிடுகிறது!

நடுவில் உள்ள தனிமங்களின் போரேட்டுகள்தான் ஆட்டம் காட்டின. 1961இல் லெவின், ராத், மார்ட்டின் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் அவற்றைக் கார்பனேட்டின் மூன்றாம் வடிவமான வேட்டரைட்டோடு சேர்த்தார்கள். பிளாஸ்மா டிவியில் சிவப்பைத் தந்த, யூரோப்பியம் கலந்த இட்ரியம்-கடோலினியம் போரேட்டும் இந்தக் கூட்டம்தான். கனமான இட்ரியத்தின் பக்கத்தில் இலேசான போரான் எக்ஸ்-கதிருக்குச் சரியாகப் புலப்படாது. நியூட்ரானால் பார்க்கலாமென்றால் போரான்-10 அதை விழுங்கும். அதனால் போரான்-11ஐ மட்டும் சேர்த்துப் பொடி செய்ய வேண்டும். கடைசியில் தெரிந்தது, அறைவெப்பநிலையில் இட்ரியம் போரேட்டில் முக்கோணமே இல்லை. ஒவ்வொரு போரானைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன். மும்மூன்று போரானாகக் கைகோத்த வளையங்கள்.